அளந்தவர்கள் வாய் திறந்தபோது

1960களின் நடுவில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்த ஓர் இளைஞர் செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதன நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். குளிர்பதனப் பெட்டியின் குழாய்களில் சுற்றிவரும் வாயு ஏன் இத்தனை சீக்கிரம் கசிந்துபோகிறது என்று கண்டுபிடிப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அதில் அவர் மனம் ஒட்டவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார், அங்கிருந்து நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துக்கு. கசிந்த வாயு எங்கே போகிறது, போன இடத்தில் என்ன செய்கிறது என்ற கேள்வியை அவர் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. பத்தாண்டு கழித்து அதற்கு விடை எழுதியவர் அவர்தான். பெயர் வீரபத்ரன் ராமநாதன்.

அவர் விடை எழுதுவதற்கு ஓராண்டு முன்பே, அதே வாயுவைப் பற்றி இன்னொரு விடை வெளியாகியிருந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஷெர்வுட் ரோலண்டும், மெக்சிகோவில் பிறந்து அவரிடம் ஆய்வுக்கு வந்திருந்த மரியோ மொலினாவும் அதை எழுதினார்கள். ஒரே வகை மூலக்கூறைப் பற்றிய அந்த இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், காலநிலை குறித்துப் பல்கலைக்கழக அறிஞர்கள் பேசுவது எப்போது பலிக்கிறது, எப்போது காற்றோடு போகிறது என்பது எனக்கு மற்ற எந்த உதாரணத்தையும்விடத் தெளிவாகப் புலப்படுகிறது.

குளோரோஃப்ளூரோகார்பன் என்ற அந்த வாயு எதனோடும் வினைபுரியாது, எரியாது, நஞ்சும் அல்ல. அதனால்தான் குளிர்பதனப் பெட்டியிலும் வாசனைத் தெளிப்பான்களிலும் அதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தினார்கள். ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1970களின் தொடக்கத்தில் கப்பலில் தென்துருவம் நோக்கிப் பயணம் செய்தபோது, போன வழியெங்கும் காற்றில் இது கலந்திருப்பதை அளந்தார். அதனால் ஆபத்து ஏதும் இருப்பதாக அவர் எண்ணவில்லை. அந்த அளவீட்டைக் கேள்விப்பட்ட ரோலண்ட், கீழே எதனோடும் சேராத வாயு கடைசியில் எங்கேதான் போய் முடியும் என்று யோசித்தார். 1973இன் இறுதியில் மொலினாவின் கணக்கு அதற்குப் பதில் சொன்னது. வாயு மெல்ல மெல்ல மேலடுக்கு வரை ஏறுகிறது. அங்கே சூரியனின் புறஊதாக் கதிர் அதை உடைக்கிறது. உடைந்து வெளிவரும் ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைத் தின்றுதீர்க்கிறது.

கட்டுரை 1974 ஜூன் மாதம் 'நேச்சர்' இதழில் வந்தது. பொதுவாக ஓர் ஆய்வாளரின் வேலை அதோடு முடிந்துவிடும். ரோலண்ட் அங்கே நிற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில், இந்த வாயுவைக் காற்றில் விடுவதை முற்றிலும் தடைசெய்ய வேண்டும் என்று அவரும் மொலினாவும் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். அன்றைய வேதியியலாளர்களுக்கு இது முறைகேடாகப் பட்டது. கண்டதை எழுது, தடை செய்வதா வேண்டாமா என்பதை வேறு யாராவது முடிவு செய்யட்டும் என்பதுதான் அந்தத் துறையின் எழுதாத விதி. பல கோடி டாலர் வணிகம் பாதிக்கப்படும் நிலையில், ஒரு வணிக இதழ் இந்த எதிர்ப்புக்குப் பின்னால் சோவியத் உளவுத்துறை இருக்கலாம் என்றுகூட எழுதியது. தொழில்துறை சார்ந்த அரங்குகள் ரோலண்டை அழைப்பதையே பல ஆண்டுகள் நிறுத்திக்கொண்டன.

தீர்க்கதரிசனம் சொல்கிற அறிவியலால் என்ன பயன், சொன்னது பலிக்கும்வரை கைகட்டிக் காத்திருப்பதுதான் நம் வேலையென்றால், என்பதே பின்னாளில் ரோலண்ட் கேட்ட கேள்வியின் சாரம். இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு இருந்த துணிச்சலைப் பாராட்டுகிறோம். துணிச்சலுக்கு அடியில் இருந்த தரையையும் பார்க்க வேண்டும். இர்வைன் வளாகத்தின் வேதியியல் துறையை 1964இல் தொடங்கிவைத்த தலைவர் அவர். அவருடைய பேராசிரியர் பணி நிரந்தரமானது. எந்த நிறுவனம் கோபித்துக்கொண்டாலும் அடுத்த மாதச் சம்பளம் வரும். ஆய்வு உதவியாளராக வந்திருந்த மொலினாவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே இருவரில் பெரிய துணிச்சல்காரர் மொலினாதான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் அதே காலத்தில் நடந்தது. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 1970களின் இறுதியிலிருந்து புவி வெப்பமாவதைக் கணித்து உள்ளுக்குள் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள். 1977 முதல் 2003 வரையிலான அவர்களுடைய கணிப்புகளை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி சுப்ரான், நவோமி ஓரெஸ்கஸ் ஆகியோரும் ஜெர்மனியின் ஸ்டெஃபான் ராம்ஸ்டார்ஃபும் சேர்ந்து ஆராய்ந்து 2023 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். அவற்றில் 63 முதல் 83 சதவீதம் வரை பின்னர் நடந்த வெப்ப உயர்வோடு பொருந்தியிருந்தன. கணக்கு சரி, கணக்குப் போட்டவர்களும் திறமைசாலிகள். ஆனால் அவர்கள் யாருக்காக வேலை செய்தார்களோ அந்த நிறுவனம் வெளியுலகில் பல ஆண்டுகள் சந்தேகத்தையே விதைத்தது. தெரிந்துகொள்ளும் ஆற்றல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தெரிந்ததைச் சொன்னால் வேலை போகாது என்ற உத்தரவாதம் பல்கலைக்கழகத்தில் மட்டும் இருந்தது. சமூகம் தன் வரிப்பணத்தில் அந்த உத்தரவாதத்தை எதற்காக வாங்கிக் கொடுத்திருக்கிறது என்பதை, அதை அனுபவிக்கும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது யோசிக்க வேண்டும்.

ரோலண்ட் வென்றார். அமெரிக்கா 1978இல் தெளிப்பான்களில் இந்த வாயுவைத் தடைசெய்தது. 1985இல் பிரிட்டிஷ் அன்டார்டிக் ஆய்வுக் குழு ஓசோன் படலத்தில் பெரிய இழப்பைக் கண்டது. 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1995இல் ரோலண்ட், மொலினா, பால் குருட்சன் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. பேசியதற்குப் பலன் கிடைத்த அபூர்வமான கதை இது. இருந்தாலும் அந்த வெற்றியைக் காட்டி, அறிஞர்கள் பேசினால் உலகம் கேட்கும் என்று முடிவுகட்டுவது சரியாகாது. அந்த வாயுவை உலகில் சில நிறுவனங்களே தயாரித்தன. மாற்று வாயுவைத் தயாரிக்கப் போவதும் அதே நிறுவனங்கள்தான். அவற்றின் லாபம் ஒரு சரக்கிலிருந்து இன்னொரு சரக்குக்கு மாறியது, அவ்வளவே.

ராமநாதனின் விடை வேறு திசையில் போனது. பதினோரு வயதில் குடும்பத்தோடு பெங்களூருக்கு மாறியபோது தமிழில் படித்துவந்த அவருக்கு வகுப்புகள் திடீரென்று ஆங்கிலத்தில் நடந்தன. ஆசிரியர் சொல்வதைக் கவனிக்கும் வழக்கமே விட்டுப்போய், எதையும் தானாகவே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பழக்கம் 1975இல் உதவியது. பூமி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்கு அனுப்புகிறது. அந்தக் கதிரில் ஒரு பகுதியை நீராவியும் கரியமில வாயுவும் தடுக்கின்றன. இன்னொரு பகுதியை இரண்டும் தடுப்பதில்லை. அது ஒரு சன்னல் போலத் திறந்தே இருக்கிறது. குளோரோஃப்ளூரோகார்பன் சரியாக அந்தச் சன்னலில்தான் போய் நிற்கிறது. ஒரு மூலக்கூறு ஏறக்குறைய 10,000 கரியமில வாயு மூலக்கூறுகளுக்குச் சமமான வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது அவருடைய கணக்கின் முடிவு. அன்றுவரை புவி வெப்பம் என்றால் கரியமில வாயு ஒன்றுதான் பேச்சு. அந்தக் கட்டுரைக்குப் பிறகு பிற வாயுக்களும் கணக்கில் சேர்ந்தன. 1985இல் ஆஸ்திரியாவின் வில்லாக் நகரில் கூடிய அறிவியலாளர்கள், எதிர்பார்த்ததைவிட விரைவாக வெப்பம் ஏறும் என்று எச்சரித்ததற்கு அந்த வாயுக்களின் கூட்டு விளைவே முக்கியக் காரணம்.

ராமநாதன் அப்போது ரோலண்டைப் போலத் தடை கேட்டு மேடை ஏறவில்லை. இருபத்தைந்து ஆண்டு அவர் அளந்தார், எழுதினார், அவ்வளவுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பேசத் தொடங்கும்போது அவரிடம் சொல்ல எவ்வளவு இருந்தது என்பதற்கு அந்த ஆண்டுகளும் காரணம்.

1999 ஜனவரி முதல் மார்ச் வரை, குருட்சனோடு சேர்ந்து அவர் தலைமையேற்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வில் விமானங்களும் கப்பல்களும் மாலத்தீவின் ஒரு கண்காணிப்பு நிலையமும் ஈடுபட்டன. தெற்காசியாவிலிருந்து கடல்மீது படர்ந்திருந்த பழுப்பு நிறப் புகைமூட்டம் சுமார் 3 கிலோமீட்டர் உயரத்துக்கு நின்றது. அனல்மின் நிலையம், வாகனம், வயலில் எரிக்கும் தாள், வீட்டு விறகடுப்பு எல்லாமே அதில் இருந்தன. 2002இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 'ஆசியப் பழுப்பு மேகம்' என்ற பெயரோடு இதை அறிக்கையாக வெளியிட்டது. இந்தியாவில் கோபம் கிளம்பியது. நூற்றாண்டுக் காலம் நிலக்கரியை எரித்த நாடுகளை விட்டுவிட்டு, சாணி வறட்டியில் சோறு பொங்கும் ஏழை வீட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா என்ற கேள்வி எழுந்தது.

அந்தக் கோபத்தின் நடுவே வந்த இன்னொரு குரலை நான் மிகவும் மதிக்கிறேன். இந்திய அறிவியல் கழகத்தின் ஜெ. சீனிவாசனும் சுலோசனா காட்கிலும் அதே ஆண்டு 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அறிக்கையின் ஒவ்வொரு கூற்றையும் எடுத்து ஆராய்ந்தார்கள். எது அளவீடு, எது கணினி மாதிரியின் ஊகம், எது செய்தித்தாளுக்காக ஊதிப் பெருக்கப்பட்டது என்று பிரித்தார்கள். புகைமூட்டம் தடித்திருப்பது குளிர்காலத்தில். மழைக்காலத்தில் அது கரைந்துபோய்விடும். அப்படியிருக்க, பருவமழை கெட்டுப்போனதற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. ராமநாதன் படித்த அதே நிறுவனத்திலிருந்து வந்த மறுப்பு இது. பின்னாளில் அந்த மேகத்தின் பெயரிலிருந்து ஆசியா நீங்கியது, 'வளிமண்டலப் பழுப்பு மேகம்' என்றானது.

இப்படி ஒரு மறுப்பு வந்தால் பொதுமக்களுக்குக் குழப்பம்தானே, அறிஞர்கள் ஒரே குரலில் பேசினால்தானே நல்லது என்று காலநிலை ஆர்வலர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறிஞரின் சொல்லுக்கு அரசியல்வாதியின் சொல்லைவிடக் கூடுதல் எடை இருக்கிறதென்றால், அவர் தவறினால் பக்கத்து அறைக்காரரே எழுந்து சொல்லுவார் என்ற நம்பிக்கையால்தான் இருக்கிறது. பின்னாளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டீஃபன் ஷ்னைடர் 1989லேயே இந்தச் சிக்கலைத் திறந்து பேசினார். அறிவியலாளராக எல்லா ஐயங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், மனிதராக உலகம் விழித்துக்கொள்ளும்படியும் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். எதிர்த்தவர்கள் அந்தக் கடைசி விருப்பத்தை வெட்டிவிட்டு, மிகைப்படுத்தச் சொல்கிறார் என்று ஆண்டுக்கணக்கில் மேற்கோள் காட்டினார்கள். பேசுகிற அறிஞர் தன் வாக்கியம் எங்கே வெட்டப்படும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

வாய் திறந்தால் நம்பகம் போய்விடும் என்ற அச்சம் எவ்வளவு உண்மை? அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதைச் சோதித்தார்கள். ஒரு கற்பனை அறிவியலாளர் சொன்னதாகப் பலவகைக் கூற்றுகளைப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். வெறும் தகவல் முதல் குறிப்பிட்ட கொள்கைக்கு ஆதரவு வரை அவற்றில் இருந்தன. பெரும்பாலான கூற்றுகளால் அவர்மீதான நம்பிக்கை குறையவில்லை. அணுமின் நிலையங்களை இன்னும் கட்ட வேண்டும் என்று சொன்னபோது மட்டும் குறைந்தது. 68 நாடுகளில் ஏறக்குறைய 72,000 பேரிடம் நடத்தி 2025இல் வெளியான ஆய்விலும் பெரும்பாலானோர் அறிவியலாளர்களை நம்புவதாகவே தெரிந்தது. கொள்கை வகுப்பதில் அவர்கள் பங்கேற்க வேண்டும் என்று விரும்பியவர்களும் அதிகம். அந்த அச்சத்துக்கு வெளியுலகில் இருக்கும் ஆதாரம் நாம் நினைப்பதைவிடச் சிறியது.

ஆனால் எந்த வடிவில் பேசுவது? அறிஞர்களுக்குப் பழக்கமான வடிவம் கூட்டறிக்கை. 1992இல் சுமார் 1,700 அறிவியலாளர்கள் மனிதகுலத்துக்கு எச்சரிக்கை விடுத்துக் கையெழுத்திட்டார்கள். அப்போது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 356 பங்கு. 2017இல் இரண்டாவது எச்சரிக்கையில் 184 நாடுகளிலிருந்து 15,364 பேர். 2019இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரிப்பிள் முன்னின்று வெளியிட்ட காலநிலை நெருக்கடி அறிக்கையில் 153 நாடுகளிலிருந்து 11,000க்கும் மேற்பட்டோர். அந்த ஆண்டு கரியமில வாயு 411 பங்கு. கையெழுத்து பல மடங்கு பெருகியது, வாயுவும் ஏறியது. உலகம் முழுவதையும் விளித்து எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை.

அதே 2019இல் ஜெர்மனியில் வேறு மாதிரி நடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பை விட்டுத் தெருவில் இறங்கினார்கள். சுதந்திர ஜனநாயகக் கட்சித் தலைவர் கிறிஸ்டியன் லிண்ட்னர், இது துறை வல்லுநர்களின் வேலை என்ற பொருளில் ஒரு பேட்டி கொடுத்தார். சில நாட்களில், மார்ச் 12 அன்று, ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் அறிஞர்கள் பெர்லினில் செய்தியாளர்களைச் சந்தித்தார்கள். வல்லுநர்கள் நாங்கள்தான், பிள்ளைகள் சொல்வது சரி என்று பேராசிரியர் ஃபோல்கர் குவாஷ்னிங் சொன்னார். அந்த அறிக்கையில் 26,800 பேர் கையெழுத்திட்டார்கள். பெயர் சொல்லக்கூடிய ஒருவர் ஒரு கூற்றைச் சொன்னார், அந்தக் கூற்றுக்கு, அந்த வாரத்திலேயே, உரியவர்கள் பதில் சொன்னார்கள். தெருவில் தனியாக நின்ற பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை எண்ணிப் பாருங்கள்.

துணையில்லாமல் நின்றவர்களும் உண்டு. 2022 ஏப்ரலில் நாசாவில் பணிபுரிந்துவந்த பீட்டர் கால்மஸ் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வங்கிக் கட்டடத்தின் வாயிலில் தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியக் கூட்டத்தின் மேடையில் அவரும் ரோஸ் அப்ரமோஃப் என்ற ஆய்வாளரும் பதாகை பிடித்தார்கள். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் இருந்த அப்ரமோஃபின் வேலை அடுத்த மாதமே போனது. அவர் பணியாற்றியது ஓர் ஆய்வகத்தில், நிரந்தரப் பேராசிரியர் பதவியில் அல்ல. உரத்துப் பேசியவர் பாதுகாப்பு குறைந்தவர், பாதுகாப்பு மிகுந்த பலர் மௌனமாக இருந்தார்கள். இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மீண்டும் ராமநாதன். புகைமேக ஆய்வுக்குப் பிறகு அவர் தன் பாட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சிறுவயதில் ஊரில் பாட்டி அடுப்பூதிச் சமைத்ததும் புகையில் இருமியதும் அவர் நினைவில் இருந்தன. உத்தரப்பிரதேசக் கிராமங்களில் புகை குறைந்த அடுப்புகளைக் கொடுத்து அளந்துபார்க்கும் 'சூர்யா' என்ற திட்டத்தைத் தொடங்கினார். 2008இல் அவரும் கிரிகரி கார்மைக்கேலும் கரித்துகளின் வெப்ப விளைவுக்குத் தந்த மதிப்பு மிகப் பெரியது. பின்னர் வந்த பன்னாட்டு மதிப்பீடுகள் அதைக் கணிசமாகக் குறைத்துவிட்டன. ஆனால் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நுரையீரலுக்கு அந்தத் திருத்தத்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. ஏழை வீட்டைக் குற்றம் சாட்டுவதாகத் தொடங்கிய பேச்சு, ஏழை வீட்டுக்கு என்ன செய்யலாம் என்பதாக இந்த இடத்தில் திரும்பியது.

2014 மே மாதம் வத்திக்கானில் ஓர் ஆய்வரங்கு நடந்தது. 2004 முதல் போப்பாண்டவரின் அறிவியல் கழகத்தில் உறுப்பினரான ராமநாதன் அதை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர். போப் ஃபிரான்சிஸுடன் பேச அவருக்குக் கிடைத்தது வாகன நிறுத்துமிடத்தில் ஓரிரு நிமிடங்கள். நாற்பதாண்டு ஆய்வை அதற்குள் அடக்க வேண்டும். மாசில் பெரும்பகுதி உலகின் பணக்கார 100 கோடிப் பேரிடமிருந்து வருகிறது, அதன் கொடுமையை அனுபவிக்கப்போவது ஏழைகளான 300 கோடிப் பேர் என்றார். நான் என்ன செய்ய முடியும் என்று போப் கேட்டார். உங்கள் உரைகளில் இந்தப் பூமியை நன்றாகப் பேணும்படி மக்களிடம் சொல்லுங்கள் என்று ராமநாதன் கேட்டுக்கொண்டார். வாட், டிகிரி, மூலக்கூறு எதுவும் அந்தப் பேச்சில் இல்லை. ஆனால் அந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் மாலத்தீவின் கண்காணிப்பு நிலையமும் பாட்டியின் அடுப்பும் இருந்தன. அடுத்த ஆண்டு ஜூனில் வெளியான போப்பின் சுற்றுமடலில் காலநிலையும் ஏழைகளும் ஒரே பிரச்சினையாக வந்தார்கள். மடலுக்கு வேறு பல கைகளும் உழைத்தன. அது ஒரு வாகன நிறுத்துமிடத்தில் பிறந்தது என்று சொல்வது மிகையாகிவிடும்.

திரும்பி வந்த அவர் தன் சொந்த வீட்டைப் பார்த்தார். அவர் பணியாற்றிய கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 2025க்குள் கரிம நிகர உமிழ்வை இல்லாமல் ஆக்குவதாக 2013இல் அறிவித்திருந்தது. அதற்கான வழியைச் சொல்ல, இயற்பியல் முதல் சமயவியல் வரை பல துறைகளைச் சேர்ந்த சுமார் 50 ஆய்வாளர்களை ராமநாதன் கூட்டினார். 2015இல் அறிக்கை வந்தது, பிறகு அது வளாகங்களில் பாடமாகவும் ஆனது. 2020இல் பல்கலைக்கழகம் தன் முதலீடுகளைப் புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களிலிருந்து முழுவதும் எடுத்துவிட்டது. ஆனால் வளாகங்களுக்கு மின்சாரமும் வெப்பமும் தரும் இயற்கை எரிவாயு நிலையங்களை மாற்றுவது சுலபமாக இல்லை. அவற்றை ஓடவிட்டு, வேறெங்கோ மரம் வளர்த்தவர்களிடம் ஈட்டுச் சான்று வாங்கிக் கணக்கை நேர்செய்யலாம் என்பது பழைய யோசனை. பேராசிரியர்களும் மாணவர்களும் அதை ஏற்கவில்லை. 2023இல் பல்கலைக்கழகம் இலக்கை மாற்றியது: 2045க்குள் 2019இன் உமிழ்வில் 90 சதவீதத்தையாவது உண்மையாகக் குறைக்க வேண்டும். இருபது ஆண்டு தள்ளிப்போன இலக்குதான். ஆனாலும் முன்னதைவிட நேர்மையானது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பயன்படும் மின்சாரத்தில் பெரும்பகுதி அங்கேயே எரியும் எரிவாயுவிலிருந்து வருகிறது. ராமநாதன் பணியாற்றிய ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் அந்த வளாகத்தின் ஓர் அங்கம். சார்லஸ் கீலிங் 1958இல் ஹவாயின் மவுனா லோவா மலைமேல் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியது அங்கிருந்துதான். அந்த ஆண்டு பத்து லட்சத்தில் 315 பங்கு. 2024 மே மாதத்தில் 425ஐத் தாண்டியது. அந்த அளவீட்டை ஸ்கிரிப்ஸ் இன்றும் வெளியிடுகிறது, எரிவாயு நிலையத்தின் புகையும் அந்த எண்ணில் சேர்கிறது.